கோழியின் முதுகுக் கோடு

தாரணி பைலைத் திறந்தாள். மேலே இருந்த காகிதத்தைப் பார்த்ததும் உடனே தொடவில்லை. கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கினாள்.

"இதுதானே மாமா?"

நான் டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன். மையில் வரைந்த ஓவியத்துக்குப் பக்கத்தில் டீ இருக்கக் கூடாது என்று நான் பயப்படுவதாக அவள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பழுப்பேறிய தாளில் கறுப்பு மையில் ஒரு கோழி. ஒற்றைக் காலில் நின்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதைப் போலத் திரும்பிப் பார்க்கிறது. மொத்தம் பதினொரு கோடுகள். எண்ணியிருக்கிறேன்.

"அப்பா சொன்ன மாதிரியே இருக்கு" என்றாள்.

அதை வரைந்தது அவளுடைய அப்பா இல்லை. நான். அதற்கு முந்தைய வாரம், மூன்று மதியங்களில் வரைந்து முடித்தேன்.

அவளுடைய அப்பா வரைந்த அசல் அதே பைலில், பழைய கிராப் தாள்களுக்கு அடியில் கிடந்தது. என் மனைவி சரோஜா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதிரும் மேசை

என் தொழிலைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காக மறுபடியும் சுருக்கமாகச் சொல்கிறேன். இளம்பிள்ளையில் சேலைக்குக் கிராப் போடுகிறவன் நான். பார்டரில் வரும் ஒரு பூவை, ஒரு அன்னத்தை, கட்டம் போட்ட தாளில் இழை இழையாகப் பெரிதாக்கி வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. அதைப் பார்த்துத்தான் தறியின் ஜக்கார்டுப் பெட்டிக்குத் துளை அட்டை அடிப்பார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. நானும் அதில்தான் செய்கிறேன். கழுத்து வலி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

நல்லசிவம் வெண்ணந்தூர்க்காரன். ராசிபுரத்தில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பிறகு அவன் சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனான். நான் இளம்பிள்ளைக்கு வந்தேன். நவீன ஓவியம் தெரிந்தவர்களுக்கு இன்று அவனையும் தெரியும். எனக்கு நவீன ஓவியம் தெரியாது. அவனைத் தெரியும்.

ஒரு கோடையில் என்னைப் பார்க்க வந்திருந்தான். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. நான் வேலை செய்த டிசைன் அறை, எட்டு விசைத்தறிகள் ஓடும் ஷெட்டை ஒட்டி இருந்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். தறி ஓடும்போது தரை அதிரும், தரையோடு மேசை அதிரும். டம்ளரில் டீ வளையம் வளையமாக ஆடிக்கொண்டே இருக்கும். பழகிப்போனதால் அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று தினமும் அறைக்குள் வந்து, விழுந்து கிடக்கும் முறுக்குத் துணுக்குகளைப் பொறுக்கும். நல்லசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராசு, ஒரு தாளு குடு."

கொடுத்தேன். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் நான் வாங்கி வந்த கறுப்பு மைப்புட்டியை அவனே இழுத்து வைத்துக்கொண்டான். நிப்பை மையில் தொட்டு, புட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். ட்டிக், ட்டிக். மூன்றாவது தட்டு இருக்காது.

"மேச ஆடுதேடா. தறிய நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். ஊதி உலர்த்தி என் பக்கம் நகர்த்தினான்.

"உனக்குத்தான். வெச்சுக்க."

அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: "நல்லசிவம் வந்தான். கோழி ஒன்று வரைந்து கொடுத்தான். மாலையில் தூறல்."

கொண்டை வைத்த கதை

அதே டைரியில் சில மாதங்கள் தள்ளி இன்னொரு வரி இருக்கிறது: "கோழி டிசைன். கட்டம் போட்டாயிற்று."

இதை எப்படி விளக்குவது? எங்கள் அறைக்குள் ஒரு படம் வந்தால் அது டிசைன். டிசைன் என்றால் முதல் வேலை அதன் மேல் கட்டம் போடுவது. சிறிய படத்தைக் கிராப் தாளில் பெரிதாக்க வேறு வழி கிடையாது. காலண்டரில் வந்த அன்னமானாலும், கல்யாணப் பத்திரிகையில் வந்த யானையானாலும், நேராக ஸ்கேலை வைத்து இழுத்துவிடுவோம். கை தானாகவே ஸ்கேலைத் தேடும்.

புது பார்டர் கேட்டு முதலாளி நச்சரித்துக்கொண்டிருந்த வாரம் அது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் கோழி இருந்தது. எடுத்தேன். சிவப்புப் பால்பாயிண்ட் பேனாவில் நெடுக்கும் குறுக்கும் கோடு போட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் எண்கள் எழுதினேன். கோழியின் கண் பதினேழாவது கட்டத்தில் வந்தது. நான் போட்ட கட்டங்களில் ஒன்றுகூடக் கோணவில்லை. அன்று அதற்காகக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, கோழியா?"

"ஆமாங்க."

"கோழி போட்ட சேலையக் கட்டிக்கிட்டு எந்தப் புள்ள மணவறையில உக்காரும்? கொளம்பு வாசந்தான் அடிக்கும். தலைல கொண்டைய வையி, வால நீட்டி உடு. மயிலாப் போயிரும்."

வாலைக் கிராப் தாளில் நீட்டினேன். கொண்டையை, அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, கோழியின் தலையிலேயே வைத்துப் பார்த்தேன். மூன்று குச்சி, மூன்று புள்ளி. அதே கறுப்பு மை. பால்பாயிண்டை விட்டு அந்தப் புட்டியை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சேலை நன்றாகப் போனது. எங்கள் கல்யாணத்தின்போது சரோஜாவுக்கும் ஒன்று எடுத்தேன். கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள் பார்டரைத் தூக்கிப் பிடித்துக் கேட்டாள்:

"ஏனுங்க, மயிலுன்னு சொன்னீங்க, பொறுக்கறதுக்கு வந்த கோழியாட்டமே நிக்குது?"

அதை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். கடைசிவரை அவள் ஒருத்திதான்.

"கோழி எப்படி இருக்குது?"

சேலைக்கு அட்டை அடித்து முடிந்து, வேலை ஓய்ந்த ஒரு நாளில்தான் அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். ரப்பரை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பால்பாயிண்ட் அழியாது. அழிக்க முயன்றால் தாள் பிய்யும். பைலில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

நல்லசிவம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போன் செய்வான். எல்லா வாரமும் இல்லை. மாதத்துக்கு ஒன்று, சில வருடங்களில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கோழி எப்படிடா இருக்குது?"

"நல்லா இருக்குது."

அதன் பிறகுதான் மற்ற பேச்சு. கடைசியில் "வாரேன்டா" என்று சொல்லி வைப்பான். எத்தனை வருடங்கள், எத்தனை "நல்லா இருக்குது" என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு பொய்யை அடிக்கடி சொன்னால் அது சௌக்கியம் விசாரிப்பது போல ஆகிவிடுகிறது. சொல்லும்போது வலிப்பதில்லை. போனை வைத்த பிறகு ஒரு அலுப்பு மட்டும் மிஞ்சும்.

போன ஆண்டு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேச்சு மெல்லத் திரும்பியது. நடை திரும்பியது. வலது கையும் ஓரளவு திரும்பியது, ஆனால் நடுங்கியது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன்கள் நின்றுவிட்டன.

பிறகு ஒருநாள் அவன் மகள் தாரணி கூப்பிட்டாள். சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா சொல்லிக் கொடுத்தபடி என்னை "மாமா" என்பாள்.

"மாமா, அப்பாவோட மை ஓவியங்களை எல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கறாங்க. அது கிடக்கட்டும். அப்பா பேனாவையே தொட மாட்டேங்கறார். பழகப் பழகக் கை சரியாகும்னு டாக்டர் சொல்றார். நடுங்கற கையில என்ன வரையறதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கறார். எதுலயும் ஆசை இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். ராசுகிட்ட ஒரு கோழி இருக்குது, அதப் பாக்கணுங்கறார். வேற யார் வரைஞ்சதும் இல்ல, அவரோடது வேற எதுவும் இல்ல. அந்தக் கோழி."

"அதுக்கென்ன சாமி, வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"நல்லா இருக்குதா மாமா?"

"நல்லா இருக்குது."

மூன்று மதியங்கள்

சரோஜாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எடுத்துக் குடுத்துட்டு, தப்புப் பண்ணிப் போட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாத் தேஞ்சா போயிருவீங்க?"

"நோயாளி. அவன் மனசு என்ன ஆகும்?"

"அவரு மனசா, உங்க மனசா?"

எழுந்து போனேன். அந்தக் கோழி அவனை மறுபடி பேனா எடுக்க வைக்கலாம். கட்டமும் கொண்டையுமாக அதைக் காட்டினால் எடுக்கவே விடாமல் செய்துவிடலாம். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை.

நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அவனுக்கு அன்று தாள் எடுத்துக் கொடுத்த கட்டில் மிச்சம் நான்கு தாள்கள் அலமாரியில் இருந்தன. அசலைப் போலவே பழுப்பேறியிருந்தன. தொட்டெழுதும் பேனாவும் இருந்தது. மை மட்டும் புதிதாக வாங்கினேன்.

முதல் மதியம் அசலை ஸ்கேன் செய்தேன். கம்ப்யூட்டரில் சிவப்பை மட்டும் நீக்கினால் கட்டங்கள் போய்விடும். கொண்டையை அழித்தேன். பிறகு, எந்த டிசைனுக்கும் செய்வதுபோல, சுத்தம் பண்ணினேன். சுத்தம் பண்ணுவது என்றால், கோட்டில் இருக்கும் பிசிறுகளையும் நெளிவுகளையும் நீக்கி ஓரத்தைச் சீராக்குவது. அப்படியே விட்டால் சேலையில் பல்லுப் பல்லாக விழும். பல வருடங்களாகக் கண் பார்த்த இடத்தில் கை செய்துகொண்டிருக்கும் வேலை. செய்தது எனக்கு நினைவில்கூட இல்லை.

இரண்டாவது மதியம் பிரிண்ட் எடுத்து, விளக்கு வைத்த கண்ணாடி மேசையில் போட்டு, மேலே பழைய தாளை வைத்துப் பழகிப் பார்த்தேன். இரண்டு தாள்கள் வீணாயின. மூன்றாவது மதியம், மூன்றாவது தாளில், கோழி நின்றது.

அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடுகளும் கொண்டையும் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. பைலில் நகலை மேலேயும் அசலை அடியிலும் வைத்தேன். அசலை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டால், நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை என்பதைத்தான் மறுபடி சொல்ல வேண்டும்.

முதுகைக் காட்டு

மறுவாரம் தாரணி வந்தாள். அவள் காகிதத்தைத் தூக்கிப் பிடித்ததையும், நான் டம்ளரை நகர்த்தியதையும் முதலிலேயே சொன்னேன்.

"அப்பாகிட்டக் காட்டிடறேன் மாமா. காலைலேர்ந்து போனைக் கையிலயே வெச்சிட்டு உக்காந்திருக்கார்."

வீடியோவில் நல்லசிவம் வந்தான். முகம் ஒரு பக்கம் சற்று இறங்கியிருந்தது. தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது.

"எங்க, காட்டு."

தாரணி தாளை உயர்த்திப் பிடித்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"முதுகு. முதுகுக்கிட்டக் கொண்டா."

கொண்டுபோனேன். கழுத்தில் தொடங்கி வாலில் முடியும் ஒற்றைக் கோடு. அந்தக் கோழியில் மிக நீளமான கோடு அதுதான்.

"ராசு."

"சொல்லுடா."

"நடுக்கம் எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"தறி ஓடிட்டிருந்துச்சு" என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தினான். "மேச ஆடுச்சு. நிறுத்தட்டுமான்னு நீ கேட்ட. நாந்தான் வேண்டாம்னேன். முதுகுல நடுங்கியிருக்கோணும். அதத்தான் பாக்கக் கேட்டேன்."

தாரணி தாளைச் சற்று இறக்கினாள்.

"இது நான் போட்டதில்ல. யாரு போட்டது?"

தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனைப் பிடித்திருந்த என் கை ஆடவே இல்லை.

"நாந்தான்" என்றேன்.

சரோஜா வாசலிலிருந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "இருங்கண்ணா, எடுத்தாந்து காட்டுவாரு" என்றாள். நான் பைலின் அடியிலிருந்து அசலை எடுத்தேன்.

தாரணி குனிந்து அதைப் பார்த்தாள். கைகளைத் துடைத்துக்கொள்ளவில்லை. தொடவும் இல்லை. நானே தூக்கிப் பிடித்தேன்.

"என்னடா இது, செவப்பா?"

"கட்டம். டிசைனுக்குப் போட்டேன்."

"கொண்டை?"

"முதலாளி வெக்கச் சொன்னாரு. மயிலாக்கறதுக்கு."

"சொன்னா வெச்சிருவியா?"

அதற்குப் பதில் இருந்திருந்தால் அத்தனை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சொல்லியிருப்பேன்.

பிறகு, "முதுகக் காட்டு" என்றான்.

சரோஜா போனைத் தாளுக்கு அருகில் கொண்டுவந்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் சிவப்புக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை, அசையாமல் நின்றன. அவற்றின் மேல் அந்தக் கறுப்புக் கோடு கழுத்திலிருந்து வால்வரை அதிர்ந்துகொண்டே போயிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மயிரிழை மேலே, மயிரிழை கீழே. பல வருடங்களாக என் அலமாரியில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோதெல்லாம் மனதுக்குள்ளேயே சுத்தம் பண்ணியிருக்கிறேன்.

"தாரணி, பாத்தியா? நடுங்குது."

"ஆமாப்பா."

"நடுங்கியும் நிக்குது."

அவள் அழுதாள். அவன் அழவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"ராசு, எத்தன தடவ கேட்டேன், கோழி எப்படி இருக்குதுன்னு."

"ஆமாம்."

"நல்லா இருக்குதுன்ன."

போனை வைத்துவிட்டான். "வாரேன்டா" என்று அவன் சொல்லவில்லை.

தாரணி அசலை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். நேரம் இருந்தது.

நேர்கோடு

மறுநாள் மதியம், மிஞ்சியிருந்த நான்காவது தாளை எடுத்து வைத்துக்கொண்டு அந்த முதுகை மட்டும் இழுத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கையை ஆட்டினேன். நடிப்பது போல இருந்தது. ஆட்டாமல் இழுத்தேன். சீராகப் போனது. எனக்கு ஐம்பத்தாறு வயது. என் கை இன்னும் நடுங்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை.

நகலின் பின்பக்கத்தில் "நகல். வரைந்தது நான்" என்று எழுதித் தேதி போட்டு, பைலில் வைத்தேன்.

இரண்டு ஞாயிறுகள் போயின. மூன்றாவது ஞாயிறு காலை நானே போன் செய்தேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தான். மன்னிப்பு என்ற வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"கோழி எப்படிடா இருக்குது?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடியது. ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நல்லா இல்ல" என்றான். "எவனோ கட்டம் போட்டு வெச்சிருக்கறான்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

அப்போது கண்ணாடி விளிம்பில் நிப் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு, தடுமாறி, மூன்றாவதாக ஒன்று.

"போன வையி" என்றான். "கை வேலையா இருக்குது."

அன்றைய டைரியில் ஒரே வரிதான் எழுதினேன்: "நல்லசிவத்துக்குப் போன் செய்தேன். வேலையில் இருந்தான்."